வாகையின் நாலாம் பலகை

பங்குனி மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பாளையங்கோட்டை ஆசிரியர் காலனி மூன்றாவது தெருவில், வெட்டி இரண்டு வருஷமாகிவிட்ட வாகை மரத்தின் கிளை ஒன்று, ஒரு முக்காலியின் காலடியிலிருந்து கிளம்பி, தார் ரோட்டைக் கடந்து, எதிர்வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் பாதி உயரம் ஏறி, நிழலாக விழுந்தது. மேலே கிளையும் கிடையாது, இலையும் கிடையாது, கண் கூசும் வானம் மட்டும்தான். கீழே மட்டும் இலைநிழல் காற்றுக்கு அசைந்தது, காய்ந்த நெற்றுகளின் நிழல் கொத்துக் கொத்தாகத் தொங்கியது, கைவைத்துப் பார்த்தால் ரோடு சில்லென்றிருந்தது. இதற்காகத் தெருவில் யாரும் கூச்சல் போட்டுவிடவில்லை. சிலிண்டர் கொண்டுவந்தவர் வண்டியை நிழல் பார்த்து நிறுத்திவிட்டுத் துண்டால் முகம் துடைத்தார், ஏழாம் நம்பர் வீட்டு நாய் வந்து இடம் பிடித்துப் படுத்துக்கொண்டது, அதற்கப்புறம்தான் இஸ்திரி வண்டிக்கார இசக்கிமுத்து, கங்கு நிறைந்த பெட்டியை அதன் தட்டில் நிறுத்திவிட்டு, ஜெயக்கனி டீச்சர் வீட்டு கேட்டைத் தட்டினார்.

“டீச்சர், இங்கன கொஞ்சம் வாங்க. நீங்க தந்த முக்காலி நெழல் போடுது.”

“முக்காலின்னா நெழல் விழாமலா இருக்கும், அண்ணாச்சி?”

“முக்காலி நெழலா இருந்தா ஒங்களயா கூப்பிடப் போறேன்? இது நம்ம வாகை.”

ஜெயக்கனி கைகளில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிக்கொண்டே வந்தாள், வந்தவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அந்தக் கிளையை அவளுக்குத் தெரியும். நடுவில் ஒரு முழங்கை மடக்கு மடங்கி, அவளுடைய பட்டறைத் தகரக் கூரைமேல் பதினெட்டு வருஷம் உட்கார்ந்திருந்த கிளை அது. அதில் ஒரு அணில்நிழல் நுனிவரை ஓடித் திரும்பியது. சுற்றுமுற்றும் எங்கும் அணில் இல்லை. அவள் தேவாலயத்தில்கூட வராத அடக்கத்தோடு செருப்பைக் கழற்றிவிட்டு அந்த நிழலுக்குள் காலை வைத்தாள். அதே நேரத்தில் பயமும் வந்தது. அந்த மரம் எதற்காக வெட்டப்பட்டது என்று தெருவில் அவளையும் அவள் புருஷனையும் தவிர யாருக்கும் தெரியாது என்றுதான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

ஆரம்பப் பள்ளியில் வாத்தியார் வேலையை விருப்ப ஓய்வில் விட்டுவிட்டு, கார் நிறுத்தக் கட்டிய கொட்டகையைப் பட்டறையாக்கி, இழைப்புளியும் உளியும் பிடித்து, செய்வதையெல்லாம் போனில் படம்பிடித்துப் போடுகிற டீச்சரை நம்மூரில் அறியாதவர்கள் குறைவு. ‘கனி அக்கா பட்டறை’ என்றால் தாராபுரத்திலும் தெரியும், தோஹாவிலும் தெரியும். ஒரு பலகையை எடுப்பாள், கோடு போடுவாள், அறுப்பாள், இழைப்பாள், பேசிக்கொண்டே ஒரு சாமானை உருவாக்கிவிடுவாள்; கடைசியில் அதைக் கவிழ்த்து, அடியில் பென்சிலால் பலகை நம்பரையும் தேதியையும் மனதில் தோன்றுகிற ஒரு வரியையும் எழுதிக் காட்டுவாள்; பார்க்கிறவர்களில் ஒருவர் பேரைக் குலுக்கலில் எடுத்து அவருக்கே அனுப்பியும் வைப்பாள். வீடியோ முடிகிற ஒவ்வொரு தடவையும் தவறாமல் ஒன்று சொல்லுவாள்: “மக்கா, புது மரத்துல வெயில் படக் கூடாது. நெழல்லயே வச்சிக்கிடணும். வெயில்ல வச்சிய, வெடிச்சிரும்.”

இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் அந்த அதிசயம் ஒரு வருஷம் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. வாகையை மில்லில் அறுத்தபோது பதின்மூன்று பலகை தேறியது, அடியிலிருந்து நுனிவரை வரிசையாக நம்பர் போட்டு அடுக்கினாள், ஒரு வருஷம் கொட்டகை நிழலில் காயவைத்தாள், பிறகு டியூப்லைட் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகச் சாமானாக்கி அனுப்பினாள். வாங்கியவர்களும் அக்கா சொல்லைத் தட்டாமல் வீட்டுக்குள்ளேயே வைத்துக் கொண்டாடினார்கள். வெயிலே படாத பொருள் எந்த நிழலைப் போடும்? மிஞ்சிய பதின்மூன்றாம் பலகையில் செய்த முக்காலியை மட்டும் அவள் குலுக்கலில் போடாமல் இசக்கிமுத்துவுக்குக் கொடுத்தாள், கொடுக்கும்போதும் பழக்கதோஷத்தில், “வெயில்ல வைக்காதிய அண்ணாச்சி” என்றாள். அவர் சிரித்துவிட்டார். “வெயில விட்டா எனக்கு எடம் ஏது டீச்சர்?”

அதுதான் அவள் மனதை அறுத்துக்கொண்டிருந்த விஷயம். இருபத்திரண்டு வருஷம் அந்த வாகையடியில்தான் இசக்கிமுத்துவும் பேச்சியம்மாளும் வண்டி போட்டிருந்தார்கள். காலனித் துணி முழுக்க அவர்கள் கையால்தான் மடிப்பு ஏறியது. இசக்கிமுத்து துணி தேய்ப்பதற்கு மட்டும் பேர்போனவரல்ல. சட்டைப் பையில் எது கிடந்தாலும், பஸ் டிக்கெட்டோ மருந்துச்சீட்டோ, காலேஜ் பையன்களுக்கு வந்த கடிதமோ, அதையும் ஒரு தேய்ப்புத் தேய்த்து, நாலாக மடித்து, துணியடுக்கின்மேல் வைத்துத்தான் கொடுத்தனுப்புவார், வாயைத் திறக்க மாட்டார். மரம் போன பிறகு வண்டிக்கு மேலே ஒரு தார்ப்பாய் கட்டிப் பார்த்தார்கள். காற்று அதை மூன்று தடவை பிய்த்துக்கொண்டு போனது. போன சித்திரையில் பேச்சியம்மாள் உச்சிவெயிலில் தலைசுற்றி, கொதிக்கிற பெட்டியின்மேல் கையை ஊன்றி விழுந்தாள்; இடது உள்ளங்கை சுருங்கிப்போய் இன்னும் முழுதாக விரியவில்லை. இந்தப் பங்குனி முடிந்ததும் வண்டியை விற்றுவிட்டு ஏதோ ஒரு கோடவுனில் காவலுக்குப் போகப்போவதாக இசக்கிமுத்து சொல்லியிருந்தார்.

மரம் போனதற்குக் காரணம் டீச்சர்தான். வாகை நெற்றுக்கு ஒரு குணம் உண்டு, காய்ந்துவிட்டால் சும்மா இருக்காது, சின்னக் காற்றுக்கும் கலகலகலவென்று பேசும். அது அவளுடைய வீடியோ எல்லாவற்றிலும் புகுந்தது. ‘அக்கா, பின்னாடி என்ன சத்தம், நீங்க சொல்றதே கேக்கல’ என்று நாலு பேர் எழுதினார்கள், பிறகு நாற்பது பேர் எழுதினார்கள். அவளுக்கு எரிச்சல் தலைக்கேறி, ‘மரம் ஆபத்தான நிலையில் உள்ளது’ என்று ஒரு மனு எழுதினாள். எழுதியது சுத்தப் பொய், மரம் கல்தூண் மாதிரி நின்றது. அதைப் புருஷன் தேவசகாயத்திடம் கொடுத்து மாநகராட்சி அலுவலகத்துக்கு அனுப்பினாள். அவர் மனுவைக் கொடுத்துவிட்டு அதன் நகலைச் சட்டைப் பையிலேயே மறந்துவிட, சட்டை தேய்ப்புக்குப் போக, நகல் தேய்ந்து நாலாக மடிந்து துணியடுக்கின்மேல் உட்கார்ந்து திரும்பி வந்தது. அன்றைக்கு அவள் பயந்துபோனாள். துணிகளுக்கு இசக்கிமுத்து எழுத்துப் போட்டு அவள் பார்த்ததில்லை, மைப்புள்ளிதான் வைப்பார். அதனால் அவருக்கு வாசிக்கத் தெரியாது என்று தனக்குத்தானே சொல்லி நம்பிக்கொண்டாள். மூன்றாவது வாரம் மரம் சாய்ந்தது, வெட்டிய காண்டிராக்டரிடமே கட்டையை விலைபேசி வாங்கினாள்.

சரி, கதைக்கு வருவோம். ஒரு கிளை நிழலைத் தெரு எப்படி வைத்துக்கொண்டது என்று சொல்ல வேண்டும். முக்காலியைத் திருப்பினால் கிளையும் திரும்பியது, அதனால் தகராறுக்குக் குறைவில்லை. எதிர்வீட்டுப் பரிமளாவின் சுவரில் வடகம் காயும் பதினோரு மணிவரைக்கும் கிளை வடக்கே பார்க்கட்டும் என்று முடிவானது, அதற்குப் பிறகு பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பக்கம் திருப்பிக்கொள்ளலாம் என்றானது. காக்கைகள் வந்து நிழலின்மேல் வட்டம்போட்டு, உட்காரக் கிளையைத் தேடித் தேடிச் சலித்து, கடைசியில் முக்காலியிலேயே உட்கார்ந்தன. யாரோ முக்காலிக்காலில் மஞ்சள் குங்குமம் வைத்தார்கள்; அடுத்த நாள் யாரோ அதனருகில் முழங்காலிட்டு ஜெபம் பண்ணினார்கள்; இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கவில்லை. மாநகராட்சி அலுவலகத்திலிருந்து டேப்போடு ஒருவர் வந்து நிழலை எட்டு மணிக்கும் பன்னிரண்டுக்கும் நாலுக்கும் அளந்தார், மூன்று அளவும் மூன்றாக இருந்ததில் குழம்பி, இதை மரப் பதிவேட்டில் எழுதுவதா ஆக்கிரமிப்புப் பதிவேட்டில் எழுதுவதா என்று யோசிக்க நிழலிலேயே உட்கார்ந்து, அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். எழுந்து போனவர் திரும்பி வரவில்லை.

ஆனால் ஒரு கிளைநிழலில் ஒரு ஆள் உட்காரலாம், வண்டி நிற்காது. இசக்கிமுத்து பேச்சியம்மாளை முக்காலியில் உட்காரவைத்துவிட்டு, தான் வெயிலில் நின்று தேய்த்தார். பங்குனி பாதி கழிந்திருந்தது.

ஜெயக்கனிக்கு விஷயம் பிடிபட்டது. நுனிப் பலகையில் செய்த முக்காலி நுனிக்கிளையைப் போடுகிறது. அப்படியானால் மரத்தில் எந்த இடத்துப் பலகையோ, அந்த இடத்து நிழல் அந்தச் சாமானுக்குள் இருக்கத்தானே வேண்டும்? அன்றைக்கே போனை ஸ்டாண்டில் மாட்டி, முகம் கழுவாமல்கூடப் பேசினாள். “மக்கா, இத்தன நாளும் சொன்னதுக்கு மாறா ஒண்ணு சொல்லுதேன். நான் அனுப்புன சாமானத் தூக்கி அஞ்சு நிமிஷம் வெயில்ல வையிங்க. வெடிச்சா நான் பொறுப்பு. என்ன விழுதுன்னு எனக்குக் காட்டுங்க.”

காட்டினார்கள். தாராபுரத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் அஞ்சறைப்பெட்டி பெருங்கிளை ஒன்றைப் போட, அதன் கவட்டையில் காக்கைக்கூட்டின் நிழல் இருந்தது, கூட்டுக்குள் ஏதோ வாயைத் திறந்து திறந்து மூடியது. ஓசூரில் சப்பாத்திப் பலகை பூத்திருந்தது. தோஹாவில் பன்னிரண்டாவது மாடி பால்கனியில், மரமே முளைக்காத அந்த மண்ணில், கடிகாரச் சட்டத்திலிருந்து ஒரு கிளை இறங்கி நாலு மாடிக்குக் கீழேவரை தொங்க, வேலைமுடிந்து வந்த பையன்கள் அதனடியில் தலையை நீட்டி நின்றுகொண்டு அழுதார்கள். சாத்தூரில், சேலைத்தொட்டிலை விரித்துப் பிடிக்கிற தொட்டில்கட்டையை வெயிலுக்குக் கொண்டுவந்த பெண்ணின் கைக்குழந்தை, தரையில் அசைகிற இலைகளைப் பிடிக்க, பிறந்தபிறகு முதல் தடவையாகக் குப்புற விழுந்து நகர்ந்தது. அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு ஜெயக்கனி பட்டறையில் உட்கார்ந்திருந்தாள். தான் வெட்டவைத்தது எவ்வளவு பெரிது என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் சாமான்களைத் திருப்பித் தரமுடியுமா என்று அவள் கேட்டதற்கு, ஆச்சரியம், ஒருவர்கூட மாட்டேன் என்று சொல்லவில்லை. ‘எங்கள் தெருவில் இரண்டு பேர் வெயிலில் நிற்கிறார்கள், இது அவர்கள் மரம்’ என்று மட்டும்தான் கேட்டிருந்தாள். பார்சலிலும் பஸ்ஸிலும் சாமான்கள் வந்து இறங்கின, தோஹாக் கடிகாரம், விடுப்பில் வந்த ஒருவர் மடியில் உட்கார்ந்து வந்தது. சாத்தூர்ப் பெண் மட்டும், “தர மாட்டேன் அக்கா, கொண்டு வாரேன்” என்று எழுதி, குழந்தையோடும் தொட்டில்கட்டையோடும் நேரில் வந்துவிட்டாள்.

பங்குனியின் கடைசி வெள்ளிக்கிழமை, அடிமரம் மண்ணோடு மண்ணாகத் தேய்ந்து கிடந்த இடத்தைச் சுற்றி, கவிழ்த்துப் பார்த்து நம்பர் வரிசையில் ஒவ்வொன்றாக வைத்தார்கள். ஒன்று வைத்ததும் தெருவில் அடிமர நிழல் கிடந்தது. இரண்டு, மூன்று என்று வைக்க வைக்க நிழல் மேலேறியது, கிளை பிரிந்தது, தோஹாக் கிளையோடு தாராபுரத்துக் கிளை வந்து கோர்த்துக்கொண்டது, காக்கைக்கூடு தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. உச்சிவேளைக்கு வாகை முழு வட்டமாகத் தெருவில் இறங்கி நின்றது. வடகத்துப் பரிமளா உட்பட அறுபது எழுபது பேர் அதற்குள் நின்றார்கள். ஆண்கள் சிலர் காரணமில்லாமல் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்கள்.

ஆனால் நடுவில் ஒரு ஓட்டை இருந்தது. வண்டி நிற்கவேண்டிய இடத்தில் சரியாக, வண்டி அகலத்துக்கு, வெயில் வெள்ளையாகக் கொட்டியது. வண்டியை இந்தப் பக்கம் தள்ளினால் சூரியனோடு ஓட்டையும் நகர்ந்து இந்தப் பக்கம் வந்தது.

“மூணு இருக்கு, அஞ்சு இருக்கு,” என்று குனிந்து எண்ணினாள் பரிமளா. “நாலாம் நம்பர் எங்க டீச்சர்?”

“அது… வேஸ்டாப் போச்சு,” என்றாள் ஜெயக்கனி. “அறுக்கும்போதே பொளந்துட்டு.”

பேச்சியம்மாள் தன் சுருங்கின உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு, “போட்டும் டீச்சரம்மா. இம்புட்டு கெடச்சதே பெருசு. ஓட்டைக்கு ஒரு பாயக் கட்டிக்கிடுவோம்” என்றாள். அந்த நல்ல வார்த்தையைத்தான் ஜெயக்கனியால் தாங்க முடியவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

நாலாம் பலகை வேஸ்டாகவில்லை. எந்த வீடியோவிலும் வராத ஒரே சாமான் அது, ஏனென்றால் எல்லா வீடியோவையும் எடுத்தது அதுதான். மரம் விழுந்த அதே வாரம், பலகை காயும்வரை பொறுக்காமல், பச்சைமரத்திலேயே அவள் அவசரமாகச் செய்த இடுப்புயரப் போன் ஸ்டாண்ட். பட்டறைக்குள்ளேயே அது முறுக்கிக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்ததில் கற்ற பாடம்தான், நிழலிலேயே இப்படியென்றால் வெயில் படவே கூடாது என்கிற சொல். போனைக் கழற்றிவிட்டு ஸ்டாண்டைக் கவிழ்த்தாள். அவளுடைய கையெழுத்துதான், உருண்டையாக, பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதுகிற எழுத்து: நான்கு. கீழே மரம் விழுந்த வாரத்துத் தேதி. அதற்கும் கீழே, ‘தொல்லை ஒழிந்தது. இனி ஒலிப்பதிவு சுத்தம்.’

இதை அப்படியே வெளியே கொண்டுபோனால் தெருவே வாசிக்கும். இதற்கு இருக்கிறதே வழி, பென்சில் எழுத்து ஒரு இழைப்புக்குத் தாங்காது. மேசைப் பிடியில் ஸ்டாண்டை இறுக்கி, இழைப்புளியை வைத்து, ஒரே ஒரு தள்ளுத் தள்ளினாள். ‘தொல்லை’ போய்விட்டது. அந்த எழுத்தைச் சுமந்த சுருள் மெல்லிசாகப் பறந்து, ஜன்னல் வழியாக விழுந்திருந்த வெயிலில் போய் இறங்கியது. இறங்கிய இடத்தில் ஒரு சிறு கொம்பின் நிழல் விழுந்தது, அதில் எட்டு இலையும் ஒரு நெற்றும் இருந்தன. காற்று அடித்தது, சுருள் மேசைக்கடியில் உருண்டது, கொம்பும் இலையும் நெற்றும் அணைந்துபோயின.

இன்னும் நாலு தள்ளுத் தள்ளினால் எழுத்து முழுக்கப் போய்விடும். அத்தனை கொம்பும் கூடப் போகும். ஜெயக்கனி இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு, அந்த மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். பிறகு குனிந்து சுருளைத் தேடி எடுத்தாள், ஸ்டாண்டைத் தூக்கித் தோளில் வைத்தாள், கதவைத் திறந்தாள்.

கூட்டம் வழிவிட்டது. மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் ஸ்டாண்டை, எழுத்து தெரிகிற பக்கம் வெளியே பார்க்க நிறுத்தினாள், சுருளை அதன் இடுக்கில் செருகினாள். ஓட்டை மூடிக்கொண்டது. மூடின கணம் மேலே, ஒன்றுமில்லாத வானத்திலிருந்து, கலகலகலவென்று ஒரு சத்தம் இறங்கியது. அதுவரை நிழல் மட்டும்தான் வந்திருந்தது, இப்போது வாகை பேசியது. ஆயிரம் நெற்றுகள் சேர்ந்து, அவள் கொன்றுபோட்ட அதே சத்தத்தை, ஒரு குறையில்லாமல் தெரு முழுக்கக் கொட்டின. வரிசையில் நிறுத்தியிருந்த தொட்டில்கட்டையை ஒரு கையிலும் குழந்தையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு சாத்தூர்ப் பெண் அண்ணாந்து பார்த்தாள், எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள், குழந்தை மட்டும் சிரித்தது.

“அண்ணாச்சி,” என்றாள் ஜெயக்கனி. “இத வாசிங்க. வாசிக்கத் தெரியலன்னா நானே வாசிக்கேன்.”

இசக்கிமுத்து ஸ்டாண்டைப் பார்க்கவில்லை. “மனுவத்தான் அன்னைக்கே வாசிச்சிட்டேனே டீச்சர். மூணு பக்கம். ரெண்டாம் பக்கத்துல ‘ஆபத்தான நிலையில் உள்ளது’ன்னு எழுதி அடியில கோடு போட்டிருந்திய. மடிப்பு அந்தக் கோட்டு மேல விழுந்துராமப் பாத்துத்தான் மடிச்சேன்.”

ஜெயக்கனி ஒரு அடி முன்னால் வந்தாள். “தெரிஞ்சுமா… ஒரு வார்த்த கேக்கலியே நீங்க?”

“பையில கெடக்கதப் பத்திப் பேசுனா எவன் நம்பித் துணி தருவான்?” அவர் வண்டிச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருந்த கல்லைக் காலால் நகர்த்தினார். “கோவம் இருக்கு டீச்சர். இல்லன்னு சொல்ல மாட்டேன். இவ கையப் பாக்கையில எல்லாம் வரும், இனியும் வரும்.” வண்டிக் கைப்பிடியில் ஒரு பக்கத்தைத் தான் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தைக் கண்ணால் காட்டினார். “தெரு மேடு. ஒத்த ஆளாத் தள்ள முடியாது. ஒரு கை பிடிங்க.”

அவள் இரண்டு கையாலும் பிடித்தாள். கரிப்பெட்டியும் துணிமூட்டையும் ஏறிய வண்டி முனகிக்கொண்டு நகர்ந்து, முன்சக்கரம் நிழலுக்குள் போனது, பின்சக்கரமும் போனது. பேச்சியம்மாள் ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்துப் பலகையில் விரித்தாள், சட்டை முழுக்க இலைகள் அசைந்தன.

தொட்டில்கட்டையைச் சாத்தூர்ப் பெண் சாயங்காலம் திரும்பக் கொண்டுபோனாள். கிழக்குப் பக்கத்தில் அந்த ஒரு கிளை மட்டும் பிள்ளை வளரும்வரை சாத்தூரில் இருக்கட்டும் என்று தெரு ஒத்துக்கொண்டது. மற்றவை எல்லாம் அங்கேயே இருக்கின்றன. மனுவைப் பற்றித் தெருவில் ஒரு மாதம் பேசினார்கள், சிலர் டீச்சரோடு இன்னும் பேசுவதில்லை, அது நியாயம்தான் என்று அவளே சொல்லுவாள். இப்போது போனை ஒரு பெயிண்ட் டப்பாவில் சாய்த்துவைத்துத்தான் படம் எடுக்கிறாள். படம் கொஞ்சம் சாய்ந்துதான் வரும், முதலிலிருந்து கடைசிவரை பின்னால் நெற்றுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ‘அக்கா, பின்னாடி அந்தச் சத்தத்தை எடுத்துவிடக் கூடாதா’ என்று புதிதாகப் பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள். அவள் எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் எழுதுகிறாள்: அது மரம், மக்கா.